தொழிலாளர் நட்டஈடும் நிரந்தர இயலாமையும்

தொழிற்களத்திலே விபத்துற்றுக் கையையோ காலையோ இழந்த ஒருவனை, 'உயிராவது தப்பியதே' என்று சுற்றத்தார் தேற்றுவர். அவன் இல்லத்தின் வறுமையோ அன்றுதான் தொடங்குகின்றது. உழைத்த கை ஓய்ந்தது. உண்ணும் வாய் குறையவில்லை. இந்தியாவின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இதனை ஒருவாறு உணர்ந்திருந்தது. 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், இறப்புக்கு மாத வேதனத்தின் நூற்றுக்கு 50 வீதமும், நிரந்தர முழு இயலாமைக்கு 60 வீதமும் அடிப்படையாகக் கொள்ளப்பட்டன. அத்தொகையை வயதுக்கேற்ற எண்ணொன்றாற் பெருக்கினர். அவ்வெண் 25 வயதினனுக்கு 216.91, 50 வயதினனுக்கு 153.09.

இவ்வகைச் சட்டங்களுக்கு முன்னோடி பிரித்தானியச் சட்டமாகும். அங்கும் தொழிலாளிக்கு நீதி எளிதிற் கிட்டியதன்று. 1837 இல், இறைச்சி வணிகர் ஒருவரின் ஏவலாள், மிகுபாரம் ஏற்றிய வண்டி முறிந்தமையாற் றொடையெலும்பு ஒடிந்து வழக்கிட்டான். யூரிமார் அளித்த 100 பவுணை மேல்மன்று மறுத்தது. தொழில்கொள்வோர் பிழை செய்தாரோ இலரோ என்று ஆராயாது நட்டஈடு வழங்கும் முறை 1897 ஆம் ஆண்டிலேதான் அங்கு வந்தது.

பிழையை ஆராயும் தொல்லை நீங்கியதும் அளவையின் தொல்லை தோன்றிற்று. இழப்பை எங்ஙனம் எண்ணால் உரைப்பது? இந்தியச் சட்டம் ஓர் அட்டவணையை வகுத்தது. இரு கைகளையும் இழந்தால் நூற்றுக்கு 100, பெருவிரல் 30, சுட்டுவிரல் முழுவதும் 14, நடுவிரல் 12. பேரம் பேசுதற்கு இடமின்மையால் இம்முறை ஏழைக்கு நன்மையே. ஆயினும் அட்டவணை உடலைக் காண்கிறதேயன்றித் தொழிலைக் காண்பதில்லை. ஏகலைவன் இழந்ததும் பெருவிரல் ஒன்றே. அட்டவணை அதற்கு 30 என்னும். வில்லாளி அங்ஙனம் ஒப்புவானா?

இக்குறையை நீக்க வல்லது சட்டத்திலிருந்த ஒரு வரைவிலக்கணமாகும். விபத்து நேர்ந்தபோது ஒருவன் செய்ய வல்லவனாயிருந்த வேலைகள் அனைத்துக்கும் அவனைத் தகுதியற்றவனாக்குவது முழு இயலாமை. அவன் உழைத்துப் பெறும் ஆற்றலைக் குறைப்பது பகுதி இயலாமை. எனவே, எவ்வுறுப்புப் போயிற்று என்பதோடு, அவன் எத்தொழில் செய்தான் என்பதும் வினாவாகின்றது. இலங்கையிலும் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், அட்டவணையோடு இவ்விருவகை இயலாமையையும் வேறுபடுத்தியே அமைந்தது. ஆதலின் ஈண்டுக் கூறும் வழக்கு நமக்கும் அயலானதன்று.

1968 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் நாள், ஒரிசாவின் ஜெய்ப்பூர் என்னும் ஊரில், படமாளிகை ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சன் ஒருவன் கீழே விழுந்தான். இடக்கை முறிந்தது, பின்னர் முழங்கைக்கு மேலே வெட்டி அகற்றப்பட்டது. அவ்விழப்பு, நூற்றுக்கு 70 என அட்டவணை குறித்த வகையினதாதலின், இது பகுதி இயலாமையே என்றார் மாளிகையுடையார். ஆணையாளர் அதனை ஏற்றிலர். ஒரு கையால் உளியைப் பிடிக்கலாம். கொட்டாப்புளியை யார் ஓங்குவது? ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்தல் இயலாதாகையால் முழு இயலாமையே எனக் கொண்டு 9,800 ரூபா விதித்தார். 1975 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமும் அம்முடிவையே நிலைநாட்டியது.

ஆணையாளர் தொகையை வரையறுக்கும் வரை, தாம் கொடுக்கவேண்டிய கடன் எதுவுமில்லை என்றும் அம்முதலாளி வாதித்தார். இவ்வாதம் வென்றிருப்பின், வழக்கை நீட்டுவதே முதலாளிமாருக்கு இலாபமாய் முடிந்திருக்கும். காயம் நேர்ந்த அக்கணமே கடன் பிறந்துவிட்டது என்றது மன்று. தாமதத்துக்கென ஆணையாளர் விதித்த நூற்றுக்கு 50 வீதத் தண்டமும், ஆண்டுக்கு 6 வீத வட்டியும் அவ்வாறே நின்றன. கை போய் ஏழாண்டுகளின் பின்னரே தச்சனின் வழக்கு முடிவுற்றது.