சூனேம் ஊரின் மேலறையும் வானகரத்து மாடிவீடும்

பழைய ஏற்பாட்டில் இறைவாக்கினர் எலிசாவின் வரலாற்றைப் படித்தவர்கள் சூனேம் ஊர்ப் பெண்மணியை எளிதில் மறக்கமாட்டார்கள். தம் ஊர் வழியே அடிக்கடி சென்றுவந்த இறையடியார் தங்கி இளைப்பாறட்டும் என்று கருதிய அவர், கணவரிடம் எடுத்துரைத்து மேல்மாடியில் சிற்றறை ஒன்றை அமைக்கச் செய்தார். கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகிய நான்கும் அதில் வைக்கப்பட்டன (2 அரசர் 4). பிறர் வாழ்வதற்கென்று ஒரு குடும்பம் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டிய அறை அது.

அப்பெண்மணியின் காலத்திற்கு முன்னரே இஸ்ரயேல் மக்களுக்கு வீடு கட்டுவது குறித்து ஒரு கட்டளை வழங்கப்பட்டிருந்தது. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் விட்டு, எவரேனும் தவறி விழுந்தால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அக்கட்டளையின் பொருள் (இணைச்சட்டம் 22:8). வழிபாட்டுக்கும் பலிக்கும் விதிகள் வகுத்த அதே திருச்சட்டம், மாடிச் சுவருக்கும் விதி வகுத்திருப்பது சிந்திக்கத்தக்கது. நம் கூரையின்கீழ் வருகின்றவரின் உயிருக்கு நாம் பொறுப்பாளர் என்பதே அதன் உட்கருத்து.

இவ்விரு பகுதிகளையும் இன்று நாம் நினைவுகூரக் காரணம் உண்டு. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, சென்னைப் புறவழிச் சாலையின் அருகே அமைந்துள்ள வானகரம், ஒருகாலத்தில் வயல் சூழ்ந்த சிற்றூர். இன்றோ மருத்துவமனைச் செவிலியர், வேலப்பன்சாவடிக் கல்லூரிகளின் மாணவர், மீன் அங்காடித் தொழிலாளர், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குச் சென்றுவருவோர் எனப் பலரும் வாடகை வீடு தேடி வரும் இடமாகிவிட்டது. வீட்டுக்கடனை அடைக்கவும், ஓய்வுக்காலத்தில் சிறு வருவாய் பெறவும், மணமான மகனைப் பக்கத்திலேயே குடிவைக்கவும் நம் குடும்பங்கள் பல மாடியில் ஒரு ‘போர்ஷன்’ கட்ட விரும்புகின்றன. விருப்பம் நல்லது. ஆனால் அந்த மாடிவீடு சட்டத்திற்கு உட்பட்டதா, அதில் வாழ்வோர் அச்சமின்றி உறங்கலாமா என்னும் இரு கேள்விகளையும் முதற்செங்கல் வைக்குமுன்னரே கேட்டுக்கொள்ளவேண்டும்.

மனையும் அனுமதியும்

“நம் மனை, நம் பணம், யாரைக் கேட்கவேண்டும்?” என்பார் உளர். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவது குற்றம். கீழ்வீட்டிற்குப் பெற்ற அனுமதி மாடிக்கும் செல்லும் என்று கருதுவது தவறு. வரைபடத்தில் காட்டப்படாத தளம் எதுவாயினும் அதற்குப் புதிய அனுமதி வேண்டும். வானகரம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் அடங்கியது. சிறிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புக்கு ஒப்படைக்கப்பட்டிருப்பதால், முதலில் அங்கே விசாரிப்பது முறை.

முதலில் மனை ஒப்புதல் பெற்றதா என்று பார்க்கவேண்டும். புறநகரில் ஒப்புதலின்றிப் பிரித்து விற்கப்பட்ட மனைகள் ஏராளம். 20-10-2016க்கு முன் உருவான அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதிகள் வெளியிட்டது. மனை வரன்முறையாகாத நிலையில் கட்டட அனுமதி கோருவது, அடித்தளமின்றிச் சுவர் எழுப்புவதை ஒக்கும்.

அடுத்தது அளவு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, சாதாரணக் குடியிருப்புகளுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை உடையவர், எல்லாத் தளங்களையும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம் என்பது இதன் பொருள். ஆயினும் முன்னும் பின்னும் பக்கங்களிலும் விடவேண்டிய காலியிடத்தை விட்டாகவேண்டும். அந்த இடைவெளி வீண் நிலமன்று. காற்றும் வெளிச்சமும் அதன் வழியேதான் வருகின்றன. தீப்பிடித்தால் மனிதர் வெளியேறுவதும் அதன் வழியேதான்.

2024 சூலை முதல் எளிய வழி ஒன்றும் திறந்துள்ளது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ கொண்டதாய், 3,500 சதுர அடிக்கு மிகாமல் வீடு கட்டுவோர், சுயசான்று அளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். ஏற்கெனவே நிற்கும் வீட்டின்மேல் எழுப்ப விரும்புவோர், பழைய வரைபடத்துடன் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரை அணுகி, தமக்குப் பொருந்தும் வழியைக் கேட்டறிதல் நன்று. சுயசான்று என்பது பொறுப்பிலிருந்து விடுதலை அன்று. பொறுப்பு முழுவதும் நம் கையெழுத்தின்மேல் வந்து அமர்கிறது என்பதை மறத்தலாகாது.

“இப்போது கட்டிவிடுவோம், பின்னால் அரசு ஏதேனும் சலுகை தரும்” என்று காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த 2012இல் சேர்க்கப்பட்ட சட்டப்பிரிவு, 1-7-2007க்கு முன் கட்டி முடிக்கப்பட்டவற்றுக்கே உரியது. வரன்முறை செய்வதால் வலுவற்ற தூண் வலுப்பெற்றுவிடுமா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அனுமதி மட்டும் போதுமா?

போரூருக்கு அப்பாலுள்ள மௌலிவாக்கத்தில், 28-6-2014 அன்று மாலை, கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து வீழ்ந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊர்விட்டு ஊர் வந்து உழைத்த ஏழைத் தொழிலாளர். அருகில் நின்ற மற்றொரு கட்டடமும் பின்னர் 2-11-2016இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சரிந்த கட்டடத்திற்குத் திட்ட அனுமதி இருந்தது, உறுதி இல்லை. தாளில் இட்ட முத்திரை சுமையைத் தாங்காது என்பதை நம் பகுதி மக்கள் அன்று கண்கூடாகக் கண்டனர்.

நம் சிறுவீட்டிற்கும் இது பொருந்தும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகள் பல, ஒரு தளத்தை மட்டும் மனத்திற்கொண்டு அடித்தளம் இடப்பட்டவை. சிலவற்றில் தூண்களே இல்லை. செங்கற்சுவரே சுமை தாங்குகிறது. வேறு சிலவற்றில், ‘பிற்காலத்தில் மாடி கட்டலாம்’ என்று தூண்களின் தலையில் விட்டுவைத்த கம்பிகள், மழையிலும் வெயிலிலும் துருவேறி மெலிந்து நிற்கின்றன. ஏரியை ஒட்டிய களிமண் நிலமாயின், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் இயல்பும் சேர்ந்துகொள்ளும். இவற்றையெல்லாம் மேஸ்திரியின் கண் அளவில் முடிவு செய்தல் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் அடித்தளத்தின் ஒரு மூலையைத் தோண்டிப் பார்த்து, மண்ணையும் கான்கிரீட்டையும் சோதித்து, எழுத்தில் தரும் கருத்தே நமக்குத் துணை. அதற்காகும் செலவு, கட்டடச் செலவில் சிறு பகுதியே.

கட்டி முடித்தபின் மேலும் மேலும் சுமை ஏற்றுவதும் தவறு. ஆயிரம் லிட்டர் கொள்ளும் நீர்த்தொட்டி நிறைந்தால் அதன் எடை ஆயிரம் கிலோ. பொறியாளர் குறித்த இடத்தில் அன்றி வேறெங்கும் அதனை வைக்கலாகாது. தகரமோ சிமெண்ட் தகடோ வேய்ந்து அவசரமாய் எழுப்பும் மாடியறையையும் வீடென்று வாடகைக்கு விடுவோர் உண்டு. கோடையில் அது அடுப்பாகிறது. 12-12-2016 அன்று வந்த வர்தா புயலில் கூரைத் தகடுகள் பறந்ததைச் சென்னை மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

உள்ளே வாழ்வோரின் பாதுகாப்பு

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மனிதர் வாழும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையலாகாது என்கிறது. ஒரே அறையுள்ள குடியிருப்பாயின், அவ்வறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 2.4 மீட்டர் அகலத்திற்குக் குறையாமலும் இருக்கவேண்டும். படிக்கட்டின் ஒவ்வொரு படியும் 19 செ.மீ. உயரத்திற்கு மிகாமலும், 25 செ.மீ. அகலத்திற்குக் குறையாமலும் அமைவது முறை. இடநெருக்கடியால் ஏணிபோலச் செங்குத்தாய் அமைத்த படிகளில் முதியோரும் கருவுற்ற பெண்டிரும் இறங்கும்போது படும் அல்லலை யாவரும் அறிவர். மாடியின் கைப்பிடிச்சுவரோ 1 மீட்டருக்குக் குறையலாகாது. திருச்சட்டம் கேட்டதையே இன்றைய பொறியியலும் அளவிட்டுக் கேட்கிறது.

மின்கம்பி மற்றோர் ஆபத்து. தரைத்தளமாக இருந்தபோது எட்டாத உயரத்தில் சென்ற கம்பி, மாடி எழும்பியபின் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. தெருவிற் செல்லும் சாதாரண மின்கம்பிக்கும் கட்டடத்திற்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே 2.5 மீட்டரும் குறைந்தபட்ச இடைவெளியாகப் பாதுகாப்பு விதிகள் குறிக்கின்றன. உயர் அழுத்தக் கம்பியாயின் மேலிடைவெளி இன்னும் மிகுதியாக வேண்டும். இடைவெளி போதாதாயின், கம்பியை மாற்றித் தருமாறு மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும்.

கீழ்வீட்டு இணைப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து மாடிக்கு மின்சாரம் தருவது நம்மிடையே பரவிய வழக்கம். குளிர்சாதனப்பெட்டி, நீர்சூடேற்றி, குளிரூட்டி என்று இரு குடும்பத்தின் சுமையையும் ஒரே வயர் தாங்கும்போது, அது சுவருக்குள்ளேயே சூடேறித் தீப்பற்றலாம். தனி வாயிலும் தனிச் சமையலறையும் உள்ள குடியிருப்புக்குத் தனி மீட்டர், தனி வயரிங், முறையான நில இணைப்பு ஆகியன வேண்டும். 30 மில்லி ஆம்பியர் அளவில் செயற்படும் கசிவுமின் தடுப்புச் சுவிட்சைப் பொருத்தினால், ஈரக்கையால் தொட்ட குழந்தையின் உயிரை அது காக்கும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆதலால் சமையலறையில் தரைமட்டத்தை ஒட்டியும் காற்றுத் துளைகள் தேவை. கசிவு தெரிந்தால் சுவிட்சைத் தொடாது, அடைப்பானை மூடி, சன்னல்களைத் திறந்து, வெளியேறி, 1906 என்னும் எண்ணை அழைக்குமாறு குடியிருப்போருக்குச் சொல்லிவைப்போம். இரவில் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைத் தாமே வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர் உண்டு. நள்ளிரவில் தீயோ நெஞ்சுவலியோ நேர்ந்தால், மாடியிலிருப்பவர் சாவிக்காகக் கதவைத் தட்டி நிற்பதா? வாடகைக்கு இருப்பவர் கையிலும் ஒரு சாவி இருக்கட்டும்.

பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்கைக் குறித்தும் ஒரு சொல். ஒரு குடும்பத்திற்கென்று கட்டிய தொட்டி இரண்டு குடும்பத்தைத் தாங்காது. விரைவில் நிரம்பி, நிலத்தடி நீரைக் கெடுக்கும். அதனை விரிவாக்குவது மாடிச் செலவின் ஒரு பகுதி என்றே கணக்கிடவேண்டும். நிரம்பியபோது இயந்திர வண்டியை அழைக்கவேண்டுமே அன்றி, எவரையும் உள்ளே இறக்கலாகாது. தொட்டியில் தேங்கும் நச்சுவாயு சில நொடிகளில் மனிதரை வீழ்த்தும். பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இறைச்சாயலாகப் படைக்கப்பட்ட ஒருவரை நம் கழிவுக்குள் இறக்குவது இறைவன் முன்னும் குற்றமே.

எழுத்தில் ஓர் உடன்படிக்கை

கட்டடம் சரியாயிற்று, இனி உறவும் சரியாக அமையவேண்டும். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 22-2-2019 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யப்படவேண்டும் என்பது அதன் முதல் விதி. முன்பணத்திற்கு அது வகுத்துள்ள பொது அளவு மூன்று மாத வாடகை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். ஆனால் மாதச் சம்பளத்தில் வாழும் இளங்குடும்பம் அத்தொகைக்காக வட்டிக்கடன் வாங்குவதை எண்ணிப்பார்த்தால், அளவின் நியாயம் விளங்கும்.

வீட்டைப் பார்வையிட விரும்பும் உரிமையாளர் 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்கவேண்டும். எவ்வளவு மனத்தாங்கல் இருப்பினும் நீரையோ மின்சாரத்தையோ நிறுத்தலாகாது. இவையெல்லாம் உரிமையாளரைக் கட்டுப்படுத்துவதற்கு மட்டும் ஏற்பட்டவை அல்ல. வாடகை தராதவர், வீட்டைக் கெடுப்பவர், காலம் முடிந்தும் வெளியேறாதவர் ஆகியோரிடமிருந்து உரிமையாளரைக் காப்பதும் அதே உடன்படிக்கைதான். உற்றார் உறவினருக்கு விடும்போதும் எழுதிக்கொள்வது நட்பைக் குறைக்காது, நீடிக்கச் செய்யும்.

மாடி எழுந்தபின் உள்ளாட்சியில் தெரிவித்துச் சொத்துவரியைத் திருத்திக்கொள்வதும், வாடகை வருவாயை வருமானக் கணக்கில் காட்டுவதும் நம் கடமை. உள்ளாட்சிக்குச் செலுத்திய சொத்துவரி போக எஞ்சும் ஆண்டு வாடகை மதிப்பில் 30 விழுக்காட்டைப் பழுதுபார்ப்புக்கெனச் சட்டமே கழித்துத் தருகிறது. மறைப்பதால் பெறும் ஆதாயம் சிறிது. இழக்கும் மன அமைதியோ பெரிது.

சட்டம் எழுதாத பொறுப்பும் ஒன்றுண்டு. கதவைத் தட்டுகின்றவர் எச்சாதி, எவ்வூர், கணவரை இழந்தவரா, தனித்து வாழும் பெண்ணா என்று எடைபோட்டு, “வீடு காலியில்லை” என்று பொய்யுரைப்பது ஞாயிறுதோறும் ஒரே மேசையில் திருவிருந்து உண்ணும் நமக்குத் தகுமா? திருத்தூதர் பவுலே உரோமை நகரில் இரண்டாண்டுகள் வாடகை வீட்டில் குடியிருந்தவர். தம்மைக் காண வந்த அனைவரையும் அங்கே அன்புடன் வரவேற்றவர் (திருத்தூதர் பணிகள் 28:30).

மாடிவீட்டைக் கட்டத் துணியும் குடும்பத்தினர், பொறியாளரின் எழுத்து, அனுமதி வரைபடம், தனி மீட்டர், வாடகை உடன்படிக்கை ஆகிய நான்கையும் ஓர் உறையிலிட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளட்டும். அவை அனைத்தும் சேர்ந்ததே இன்று நாம் எழுப்பவேண்டிய கைப்பிடிச்சுவர். அதனை எழுப்பியபின், அருட்தந்தையை அழைத்து இல்லத்தை மந்திரிக்கச் செய்வோம். மேலே வாழ்வோரும் கீழே வாழ்வோரும் ஒரே இறைவனின் காவலில் அமைதியாய் உறங்குவார்களாக!