பாலாற்றுத் தோலும் படகுப் பாட்டும்

பாலாற்றங்கரை ஊர்களான ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் கடல் கிடையாது. ஆனால் இங்கே ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் கடல் தாண்டித்தான் விலைபோனது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ஓடிய ரயில், சில ஆண்டுகளில் இவ்வூர்கள் வழியாக மேற்கே நீண்டது. சென்னைக் கடற்கரை பக்கத்தில் வந்துவிட்டது.

ஆனால் அங்கே அப்போது துறைமுகம்தான் இல்லை! கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கியவை மசூலாப் படகுகள். ஆணியே கிடையாது; பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்து, மூட்டுவாயில் வைக்கோலை வைத்து இறுக்குவார்கள். அலை அறைந்தால் படகு நெளிந்து கொடுக்கும், பிளக்காது.

அந்த அலையில் துடுப்புகள் ஒருசேர விழுந்தாக வேண்டும். அதற்குத்தான் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பாடுபவர் பொறுப்பு. கரையில் வலை இழுக்கும்போது மீனவர் பாடும் அம்பாப் பாட்டும் இதே குடும்பம்தான். ஏற்றுமதிக் கணக்கில் தோலுக்குப் பத்தி உண்டு, பாட்டுக்கு இல்லை.

1875-இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது. மசூலாக்காரர்களுக்கு மேலும் சில காலம் வேலை இருந்தது.