அருவிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு: திரும்பும் வழியும் நினைவில் இருக்கட்டும்

2025ஆம் ஆண்டு கோடையில் சமூக ஊடகக் காணொளிகளால் கூமாப்பட்டி என்ற பெயர் தமிழகமெங்கும் பரவியது. விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் அது. தென்னந்தோப்புகளும் வயல்களும் பிளவக்கல் அணையும் காண்போரைக் கவர்வதில் வியப்பில்லை. ஆயினும் அணையில் குளிக்க அனுமதியில்லை. அவ்வாறு வந்த குடும்பங்களுக்கு, அருகிலுள்ள மலை ஓடைகளையும் அருவிகளையும் நாடத் தோன்றுவது இயல்பே. அந்தப் பயணத்தை நலமாக முடிப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுப்போம். இம்மலைகள் 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. ஆகவே தெரிந்தவர் காட்டினார் என்பதற்காக எந்த ஓடைக்குள்ளும் இறங்கிவிடலாகாது. இராசபாளையத்திற்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அய்யனார் கோவில் ஆற்றுப்பகுதி, குடும்பங்கள் நெடுங்காலமாகச் சென்றுவரும் இடமாகும். அங்கும் வனத்துறையின் அனுமதி நாளுக்கு நாள் மாறும். மலையில் மழை பெய்தால் வழியை அடைத்துவிடுவார்கள். சோதனைச்சாவடியில் “இன்று அனுமதியில்லை” என்று சொன்னால், அதை உங்கள் குடும்பத்திற்காகச் சொல்லப்பட்ட மருத்துவ அறிவுரையைப் போலவே கருதுங்கள்.

காரணம் இதுதான். மலை ஓடையில் வரும் வெள்ளம், நாம் நிற்கும் இடத்தில் பெய்யும் மழையால் வருவதன்று. உச்சியில், நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் மழை கொட்டியிருக்கும். சரிவு செங்குத்தானது, பாறைமேல் மண் மெல்லியது. பெய்த நீர் நிலத்தில் ஊறாமல் நாற்புறமிருந்தும் ஒரே பள்ளத்தில் வந்து சேரும். அப்பள்ளத்தின் இருபுறமும் பாறைச் சுவர் எழுந்திருந்தால் நீர் பரவ இடமின்றி, மட்டம் சில நிமிடங்களில் உயரும். தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இது நிகழக்கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டுமல்ல, சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகலில் பெய்யும் கோடைமழையாலும் வெள்ளம் வரும். 2015ஆம் ஆண்டு மே மாதம் இதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரியில் திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வெள்ளம் வருமுன் சில அறிகுறிகளைக் காட்டுவதுண்டு. தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் இரைச்சல் கூடும். சற்றுமுன் தெரிந்த கல் மூழ்கியிருக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பையையும் செருப்பையும் தேடாமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, நிற்கும் கரையிலேயே மேட்டில் ஏறுங்கள். ஓடையைக் கடந்து வண்டி நிற்கும் பக்கம் போய்விடலாம் என்ற எண்ணமே பலருக்கு எமனாகிறது. விரைந்தோடும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் பெரியவர்களையும் சாய்த்துவிடும். எதிர்க்கரையில் சிக்கிக்கொண்டால் அங்கேயே காத்திருங்கள். தீயணைப்பு வீரர்களும் வனத்துறையினரும் கயிறு கட்டி அழைத்துச் செல்லும் வரை, பசித்திருப்பது ஆபத்தன்று.

அடுத்து, உடல்நிலையைப் பார்ப்போம். குடும்பப் பயணத்தின் வேகத்தைக் குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவரே தீர்மானிக்க வேண்டும். அவருடைய வலிமையில் பாதி தீர்வதற்குள் திரும்பிவிட வேண்டும்; களைத்த கால்களுக்கு இறக்கத்திலுள்ள ஈரப்பாறை ஏற்றத்தைவிடக் கடினமானது. நடந்துகொண்டே தொடர்ச்சியாகப் பேச இயலாவிட்டால், அது நின்று இளைப்பாற வேண்டிய நேரம். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்திற்கு மாறான வியர்வை ஆகியவை தோன்றினால் பயணம் அங்கேயே முடிந்ததெனக் கொள்ளுங்கள்.

அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ கண்டவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபின்பே புறப்பட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. உணர்வு குன்றிய பாதத்தில் கல் கிழித்தாலும் தெரியாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு நடையால் சர்க்கரை திடீரெனக் குறையலாம். எனவே இனிப்பும் உணவும் கையில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் உறிஞ்சு மருந்தை வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள்.

குழந்தைகள் எப்போதும் ஒரு பெரியவரின் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அருவியின் நேர் கீழே நிற்பதைத் தவிருங்கள். நீரோடு கல்லும் கிளையும் விழக்கூடும். தடாகத்தில் தலைகீழாகப் பாய்வது கூடவே கூடாது. ஆழம் தெரியாத நீரில் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்து, கைகால் செயலிழந்தவர்கள் உண்டு. அவ்வாறு அடிபட்டவரின் தலையை அசைக்காமல் தாங்கிப் பிடித்தபடி உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

பாம்பு கடித்தால் கீறவும் உறிஞ்சவும் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். குரங்கு கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவியபின் அன்றே தடுப்பூசிக்கு வாருங்கள். 108 என்ற எண்ணை அறிந்திருப்பது மட்டும் போதாது. பள்ளத்தாக்கில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காமல் போகலாம். எங்கே செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

வீடு திரும்பியபின்னும் ஒரு கவனம் தேவை. புதரிலும் புல்லிலும் உள்ள நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடிப்பதால் ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்ற காய்ச்சல் வரும். பெரும்பாலும் கடிபட்டு 1 முதல் 2 வாரங்களில் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவான இடங்களில், சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த புண் ஒன்று வலியின்றி இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் எளிய மருந்துகளால் குணமாகும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கும். ஆகவே காய்ச்சலுக்காக எங்களிடம் வரும்போது, “மலைக்குப் போய் வந்தோம்” என்பதை நாங்கள் கேட்கும்முன்பே சொல்லுங்கள். அந்த ஒரு சொல் எங்களுக்குப் பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

இவற்றைப் படித்து யாரும் அஞ்சிப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. நடையும் குளிர்நீரும் மரநிழலும் உடலுக்கும் மனத்திற்கும் நல்லவையே. காலையில் புறப்பட்டு, நண்பகல் கடந்ததும் நீரைவிட்டு ஏறிவிடுங்கள். அருவி அங்கேயேதான் இருக்கும். இன்று பாதியில் திரும்பியவர்கள் இன்னொரு நாள் வந்து காணலாம்.