கடைசி பெஞ்சு – 6: வாயால் எல்லாம் சொல்கிறான், எழுத்தில்தான் நிற்கிறான்

சென்ற வாரம் கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளைகளைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம், வாசிப்பதற்கே திணறும் பிள்ளைகள்.

“கேள்வி கேட்டா டக்குனு பதில் சொல்றான் சார். கதை சொன்னா அப்படியே திருப்பிச் சொல்றான். புத்தகத்தை விரிச்சா மட்டும் ஒண்ணும் வரமாட்டேங்குது. எல்லாம் திமிரு.”

பெற்றோர் பலர் இதைப் புகாராகத்தான் சொல்கிறார்கள். அந்தத் திமிரை மட்டும் நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். பேச்சில் தெளிவு, எழுத்தில் தடுமாற்றம். இரண்டும் ஒரே பிள்ளையிடம். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, இருக்கலாம் என்பதற்கு இது பெற்றோர் கையில் உள்ள நல்ல தடயம்.

இதே புகார் 1896-இல் இங்கிலாந்திலும் எழுந்தது. பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், 14 வயதுச் சிறுவன் பெர்ஸியைப் பற்றிப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். ஏழு வயதிலிருந்து பாடம் சொல்லிக்கொடுத்தும் அவனுக்கு வாசிக்க வரவில்லை. தன் பெயரைக்கூட எழுத்து மாற்றி எழுதினான், அது தவறு என்பதும் அவனுக்குப் படவில்லை. ஆனால் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது சட்டென்று சரியாகப் பெருக்கினான். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நம் வீட்டுப் புகாரும் அந்த ஆசிரியரின் கணிப்பும் ஒன்றுதான்.

அப்படியானால் எங்கே சிக்கல்? பேச்சைக் குழந்தை கேட்டே பிடித்துக்கொள்கிறது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. எழுத்து அப்படியல்ல. மனிதன் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஒவ்வொரு குழந்தையும் சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, அந்த ஒலிகளை எழுத்துகளோடு புதிதாக இணைத்தாக வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் பிரிப்பும் இணைப்பும்தான் சிரமம். இது கண்ணின் கோளாறு அல்ல. கண்ணாடி போட்டுச் சரிசெய்ய முடியாது. அறிவுக் குறைவும் அல்ல. குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. பிள்ளையைத் திட்டும் அப்பாவே சின்ன வயதில் இதே பாடு பட்டிருக்கக்கூடும்.

“ஆங்கிலம்னா சரி, தமிழ்ல என்ன கஷ்டம்? எழுதியிருக்கிறதை அப்படியே படிக்க வேண்டியதுதானே?” என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து நாட்டவரை ஒப்பிட்டு 2001-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒலிக்கும் எழுத்துக்கும் பிணக்கில்லாத இத்தாலிய மொழியில் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் மற்ற இரு நாட்டவரைவிடப் பிழை குறைவாக வாசித்தார்கள் என்று காட்டியது. ஆனால் மூளைக்குள் இருந்த சிக்கல் மூவருக்கும் ஒன்றே. மொழி எளிதானால் பிழை குறையும், சிரமம் ஒழிந்துவிடாது.

தமிழுக்கென்று சில முடிச்சுகளும் உண்டு. ‘கொக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ ‘க்’. அதற்கு அப்பால் நிற்கும் துணைக்காலையும் கொம்போடு சேர்த்தால்தான் ‘ஒ’ கிடைக்கும். கொம்பை மட்டும் பார்த்தால் ‘கெ’, காலை மட்டும் பார்த்தால் ‘கா’. ‘கௌரி’யில் வரும் குறியோ ‘ள’ போலவே இருந்து பிள்ளையை ஏமாற்றும். ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ஒரே ‘க’, ஒலி மட்டும் வேறு வேறு. மற்ற பிள்ளைகள் இதையெல்லாம் யோசிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். இந்தப் பிள்ளை ஒவ்வொரு சொல்லிலும் நின்று போராடுகிறது. வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடுகிறது.

அதனால்தான் இவர்களில் பலர் மனப்பாடத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். பக்கத்துப் பையன் வாசிப்பதைக் கேட்டு வைத்துக்கொண்டு, தன் முறை வரும்போது புத்தகத்தைப் பிடித்தபடி ஒப்பித்துவிடுவார்கள். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் விழிப்பார்கள். உடனே விழுவது இம்போசிஷன். புரியாத ஒன்றை ஐம்பது முறை எழுதினால் கைதான் வலிக்கும்.

என்ன செய்தால் பலன் கிடைக்கும்? முதலில் காது, பிறகு கண். கடல், மடல், உடல், திடல் என்று எதுகை பிடித்து விளையாடலாம். ‘கடல்’ என்ற சொல்லின் முதல் எழுத்தை மாற்றி வேறு சொல் சொல்லச் சொல்லலாம். பிறகு ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே எழுத்தை மணலில் விரலால் எழுதவைக்கலாம். கண், காது, கை மூன்றையும் சேர்த்து, ஒன்று பதிந்த பிறகே அடுத்ததற்குப் போகும் இந்த வழியை, அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் வகுத்த முறையிலிருந்தே உலகெங்கும் எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக இத்தகைய பயிற்சியைத் தருவதோடு ஆசிரியர்களையும் தயார்செய்கின்றன.

பயிற்சியால் வாசிப்பு முன்னேறும், டிஸ்லெக்சியா மறைந்துவிடாது. 2009-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற கரோல் கிரைடரும் அதோடு வளர்ந்தவர்தான். ஆகவே பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும், அறிவு மறுபக்கம் பட்டினி கிடக்க வேண்டாம். அறிவியலையும் வரலாற்றையும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். செல்போனே படித்துக் காட்டும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று டீச்சரிடம் தனியாகப் பேசுங்கள்.

சட்டமும் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் இதைக் கூடிய விரைவில் கண்டறிந்து, ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. ஆனால் நடப்பில், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஒருவரையும் கேட்டுப் பெறலாம் என்பதே பத்தாம் வகுப்பில்தான் பல பெற்றோருக்குத் தெரியவருகிறது. அதற்குள் ‘நான் மக்கு’ என்று பிள்ளை பத்து வருஷம் நம்பியிருக்கும். கூடுதல் ஒரு மணி நேரத்தால் அதைத் துடைக்க முடியாது. இரண்டாம் வகுப்பில் சந்தேகம் வந்தால் இரண்டாம் வகுப்பிலேயே ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அந்தப் பழைய புகாரை அப்படியே சொல்லுங்கள். கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள்.

(அடுத்த வாரம்: கையெழுத்துக்காக அடி வாங்கும் பிள்ளைகள்)