உச்சி எங்கேயும் போகாது பாஸ்!

வள்ளூர்ல மலை ஏதுன்னு சிரிக்கிறீங்களா? சரிதான். அனல்மின் நிலையத்து சிம்னிதான் எங்க ஊர்ச் சிகரம்! அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் சாம்பல், லாரி, உப்புக்காத்து. அதனாலேயே லீவு விட்டா நம்ம பசங்க பைக்கை எடுக்கிற முதல் இடம் நாகலாபுரம். ஆந்திர எல்லை தாண்டினா மலை, அருவி, குளம். கிளம்பும்போது கேமரா, பவர் பேங்க், பிரியாணி பொட்டலம் எல்லாம் ரெடி. ஒண்ணே ஒண்ணு மட்டும் யாரும் யோசிக்கிறதில்லை... நம்மள்ல ஒருத்தன் பாறையில வழுக்கி காலை உடைச்சுக்கிட்டா?

2022 பிப்ரவரி 7. பாலக்காடு பக்கம் மலம்புழாவில் சேராடு மலை. நண்பர்களோடு ஏறின 23 வயசுப் பையன் ஒருத்தர் கால் தவறி விழுந்து, செங்குத்தான பாறையின் நடுவில் ஒரு பிளவில் சிக்கிக்கிட்டார். காலில் காயம். நண்பர்கள் தங்களால் முடிஞ்ச வரை முயற்சி பண்ணிப் பார்த்துட்டு, கீழே இறங்கித் தகவல் சொன்னாங்க. மறுநாள் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தும் நெருங்க முடியலை. அன்று இரவு, நம்ம நீலகிரி வெலிங்டனில் இருந்தும் பெங்களூருவில் இருந்தும் ராணுவ வீரர்கள் வந்து சேர்ந்தாங்க. 9-ம் தேதி காலை ஒரு வீரர் மேலிருந்து கயிற்றில் இறங்கி, முதலில் தண்ணீர் கொடுத்து, தன்னோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டு வந்தார். 40 மணி நேரத்துக்கும் மேல அந்தப் பையன் உயிரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்!

இதுல யார் ஹீரோ? ராணுவம்தான், சந்தேகமே இல்லை. ஆனா, 'நாமே இழுத்துடலாம்'னு இன்னொருத்தரும் பிளவுக்குள்ள குதிக்காம, இறங்கிப் போய் ஆள் கூப்பிட்ட நண்பர்களுக்கும் ஒரு சல்யூட் வைங்க. குதிச்சிருந்தா மீட்க வேண்டியவங்க எண்ணிக்கை ரெண்டாகியிருக்கும். அவ்வளவுதான் கணக்கு.

இன்னொரு தேதி, மறக்கவே முடியாதது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையில் இருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்தும் போன மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. ஆனா அதுக்கு முன்னாடியே இருட்டில் மலையேறி, தீக்காயம் பட்டவங்களை போர்வையில் டோலி கட்டித் தூக்கி வந்ததுல உள்ளூர் மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மலை அவங்களுக்குத் தெரியும், அதான் விஷயம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியதும், அனுமதி, வழிகாட்டின்னு சொல்றதும் வெறும் ஃபார்மாலிட்டி இல்லை மக்களே. நீங்க உள்ளே இருக்கீங்கன்னு வெளியில ஒருத்தருக்காவது தெரிஞ்சாத்தானே தேட வருவாங்க?

சரி, நம்ம கேங்ல ஒருத்தன் விழுந்துட்டான். இப்போ என்ன பண்றது?

நில்லுங்க. ஓடிப்போய்த் தூக்காதீங்க. மேலிருந்து கல் உருளுதா, கால் வைக்கிற இடம் வழுக்குதான்னு முதலில் பாருங்க. மூச்சு இருக்கா, ரத்தம் கொட்டுதான்னு அடுத்து பாருங்க. ரத்தம்னா சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிங்க. 'நின்னுடுச்சா'ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கக் கூடாது. எலும்பு முறிவு மாதிரி இருந்தா நேராக்குறேன்னு இழுக்காதீங்க. இருக்கிற நிலையிலேயே குச்சியோ குடையோ வெச்சு, துப்பட்டாவால் கட்டுங்க. முறிஞ்ச இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையக் கூடாது. விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ கட்டைத் தளர்த்துங்க. தலை, கழுத்து, முதுகில் அடின்னா, அந்த இடமே ஆபத்தா இருந்தாலொழிய நகர்த்தவே வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க.

தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களும் கவனிங்க! உடம்புச் சூட்டைத் தரையும் உறிஞ்சும். அதனால போர்த்தினா மட்டும் போதாது, கீழேயும் பேக், துணி எதையாவது விரிக்கணும். ஈரச் சட்டையைக் கழற்றிடுங்க.

பாம்பு கடிச்சா? சினிமாவில் வர்ற மாதிரி கீறுறது, உறிஞ்சுறது, கயிறு போட்டு இறுக்குறது எதுவுமே கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட பாகத்தை அசையாம வெச்சு, நடக்க விடாம தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கு.

நாலு பேருக்குக் குறைவா மலையேற வேண்டாம்னு சொல்றதுக்கும் காரணம் உண்டு. ஒருத்தர் அடிபட்டா ஒருத்தர் துணைக்கு உட்காரணும், ரெண்டு பேர் சேர்ந்து இறங்கணும். இறங்குறவங்க கையில் எழுதின சீட்டு இருக்கணும்... எந்த இடம், எத்தனை மணிக்கு, என்ன காயம், மொத்தம் எத்தனை பேர். டவர் இல்லாட்டியும் போனோட ஜி.பி.எஸ். வேலை செய்யும், அந்த எண்களையும் குறிச்சுக்கோங்க. உங்க சிம்முக்கு சிக்னல் இல்லாட்டியும் 112-ஐ அழுத்திப் பாருங்க. வேறு கம்பெனி டவர் இருந்தா அது வழியாப் போக வாய்ப்பிருக்கு. அழைப்பு போகலையா, எஸ்.எம்.எஸ். அனுப்புங்க. எதுவுமே இல்லையா, விசில்! நிமிஷத்துக்கு ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு. இது உலகம் முழுக்க மலையேறிகளுக்குத் தெரிஞ்ச ஆபத்து சிக்னல். பதிலுக்கு மூணு வந்தா, 'கேட்டுடுச்சு'ன்னு அர்த்தம். இருட்டில் இதையே டார்ச்சில் செய்யலாம்.

டெக்னிக் எல்லாம் ஒரு மணி நேரத்தில் கத்துக்கலாம். கஷ்டமானது வேற.

2006 மே மாதம், எவரெஸ்ட். டேவிட் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் உச்சிக்குக் கீழே உட்கார்ந்தபடி செத்துக்கொண்டிருந்தார். சுமார் 40 பேர் அவரைக் கடந்து போனார்கள் என்று செய்தி வந்தபோது உலகமே கொதித்தது. எவரெஸ்ட்டில் முதலில் ஏறிய எட்மண்ட் ஹிலாரியே வெளிப்படையாகக் கண்டித்தார். அதே மாதம், அதே பக்கம், இறந்துவிட்டதாக நினைத்து விடப்பட்ட லிங்கன் ஹால் என்ற ஆஸ்திரேலியரை மறுநாள் காலை டான் மசூரின் குழு பார்த்தது. உச்சிக்கு சில மணி நேரம்தான் பாக்கி. அவர்கள் நின்றார்கள். ஆக்சிஜன் கொடுத்தார்கள். மீட்புக்குழு வரும் வரை கூடவே இருந்தார்கள். உச்சி போச்சு... ஆள் பிழைத்தார்!

நமக்கு எவரெஸ்ட் வேண்டாம், நாகலாபுரமே போதும். கணுக்கால் வீங்கின ஃப்ரெண்டு, 'நீங்க போயிட்டு வாங்கடா, நான் இங்கேயே உட்கார்றேன்'னு சொல்வான். இன்னும் அரை மணி நேரத்தில் அருவி. பெட்ரோல் காசு போட்டாச்சு, லீவு போட்டாச்சு. அப்போ என்ன முடிவு எடுப்பீங்க?

எண்ணூர்க் கடலில் மீன்பிடிக்கிற அண்ணன்கள்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. பக்கத்து போட் என்ஜின் நின்னுபோனா, வலையைப் போட்டாச்சேன்னு பார்ப்பாங்களா, கயிறு கட்டி இழுத்துட்டு வருவாங்களா? கேட்டதுக்கே முறைப்பாங்க!

அடுத்த ட்ரிப்புக்கு 20 ரூபா விசில் ஒண்ணு, ரெண்டு க்ரேப் பேண்டேஜ், எக்ஸ்ட்ரா ஒரு பாட்டில் தண்ணி பேக்ல போடுங்க. வீட்டுல எந்த மலைன்னு சொல்லிட்டுக் கிளம்புங்க. 'யாருக்காவது அடிபட்டா எல்லாருமே திரும்புறோம்'னு பைக் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க. மேலே போய்ப் பேசினா அருவிதான் ஜெயிக்கும்!