வேப்பிலையின் கோணல்

வேப்பிலையை நினைவிலிருந்து வரையச் சொன்னால், நடுவில் ஒரு காம்பை வரைந்து, இருபுறமும் ஒரே மாதிரியான சிற்றிலைகளை அடுக்குவதுதான் பலருக்கும் கைவரும். உண்மையான வேப்பிலை அவ்வளவு ஒழுங்கானதல்ல. அதன் சிற்றிலை அடியிலேயே கோணலாகத் தொடங்குகிறது. நடுநரம்பின் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். சிற்றிலை முழுவதும் ஒரு பக்கமாக வளைந்து, பல்விளிம்போடு நுனியில் கூர்கிறது. அம்மை கண்ட வீட்டு வாசலில் செருகி, ஆடியில் அம்மன் கோயிலுக்குத் தோரணம் கட்டி, குச்சியால் பல் துலக்கி, பூவை ரசம் வைத்துச் சாப்பிட்ட ஒரு சமூகத்தின் கண்ணில்கூட இந்தக் கோணல் படாமலே இருக்க முடிகிறது. ஒன்றோடு நெருங்கிப் பழகுவது வேறு, அதைப் பார்ப்பது வேறு. நாட்டு மரங்களை வரைவதை ஓய்வு நேரப் பொழுதுபோக்காக ஒதுக்காமல் ஒரு கல்வியாகவே கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இயற்கையிடம் பாடம் கற்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறோம். பெரும்பாலும் நாம் கற்பது, நாமே முன்கூட்டி எழுதி மரத்தின் மேல் ஒட்டிவைத்த பாடத்தை. பென்சிலோடு மரத்தின் முன் உட்காரும்போது அந்தப் பழைய பாடம் உதவாமல் போகிறது. மரம் எப்படி வாழ்கிறது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

வெட்டுகிறவனுக்கும் மரம் நிழல் தரும், காய்த்த மரம் கல்லடி படும் என்பவை நல்ல வாசகங்கள்தான். ஆனால் இவற்றைச் சொல்ல எந்த மரத்தையும் உற்றுப் பார்த்திருக்க வேண்டியதில்லை. தாராளத்துக்கும் குலம் தழைப்பதற்கும் நாம் காட்டும் ஆலமரத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதை அடிமுதல் வரைய முற்படுகிறவர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடிக்கடி தென்படும் ஒரு காட்சியைத் தாளில் கொண்டுவந்தாக வேண்டும்: ஆலின் வேர்ப்பின்னலுக்கு நடுவே சிக்கி நிற்கும் பனை. பறவையின் எச்சத்தில் வந்த ஆலம்விதை பனைமட்டையின் இடுக்கில் முளைக்கிறது, வேரைக் கீழே இறக்குகிறது, மண்ணைத் தொட்டதும் பெருக்கிறது, தன்னைத் தாங்கிய மரத்தையே சுற்றி வளைக்கிறது. தாங்கிய மரம் பல நேரம் செத்துப்போகும். அதே ஆலின் பழத்தை அறுத்து வரைந்தால் இன்னொரு உலகம் திறக்கும். ஆலமரம் பூப்பதில்லை என்று நினைக்கிறோம். பழம் என்று நாம் சொல்லும் அந்தச் சிவந்த உருண்டையின் உட்சுவரில்தான் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கின்றன. நுனியிலுள்ள சிறு துளை வழியாகச் சிறகை இழந்தபடி நுழையும் ஒரு குட்டிக் குளவிதான் அவற்றுக்கு மகரந்தம் கொண்டுவருகிறது. ஆலுக்கென்று தனிக் குளவி உண்டு. அது உள்ளேயே முட்டையிட்டு உள்ளேயே சாகிறது. அந்தக் குளவி இல்லாத ஊரில் ஆலமரம் நிழல் தரும், முளைக்கும் விதை தராது. பனையை வளைத்துக் கொல்வதும் ஊர்ப் பறவைகளுக்கெல்லாம் பழம் ஊட்டுவதும் ஒரே உயிரின் வேலை. கொலை என்றும் கொடை என்றும் பெயர் வைப்பது நாம். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தவருக்கு மனிதர்களையும் நல்லவர், கெட்டவர் என்று அவசரமாகப் பிரித்துவைப்பது கொஞ்சம் கடினமாகிவிடும் என்று நம்புகிறேன்.

காயத்தைப் பற்றிய பாடம் இன்னும் ஆழமானது. கிளை வெட்டப்பட்ட வேம்பின் அடிமரத்தை வரைந்தால், வெட்டுவாயைச் சுற்றி உருண்டு திரண்ட ஒரு விளிம்பு இருப்பதைக் கை உணரும். சில ஆண்டுகளில் அந்த விளிம்பு உள்நோக்கி வளர்ந்து காயத்தை மூடிவிடும். காயம் ஆறிவிட்டது என்று எண்ணத் தோன்றும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து 1970களில் காட்டியது வேறொன்று. விலங்குகளுக்கு ஆறுவதுபோல மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை. கெட்டுப்போன திசு அப்படியே உள்ளே இருக்கிறது. மரம் அதைச் சுற்றி வேதிப்பொருட்களால் அரண் எழுப்பி, அழுகல் பரவாமல் தடுத்துவிட்டு, அதற்கு வெளியே புதிய கட்டையை வளர்க்கிறது. ஐம்பது ஆண்டு முன்னர் பட்ட வெட்டு அந்த மரத்துக்குள் இன்றும் அதே அளவில் கிடக்கும். பனைக்கு இதுவும் கிடையாது. பக்கவாட்டில் பெருக்கும் திசு அதற்கு இல்லாததால் தண்டில் பட்ட வெட்டு மூடாமலே நிற்கும். ஆனால் நீரும் உணவும் செல்லும் குழாய்கள் தண்டு முழுவதும் சிதறிக் கிடப்பதால் ஓரிடத்துக் காயம் அதைக் கொன்றுவிடுவதில்லை. துயரம் காலத்தால் மறைந்துவிடும் என்று சொல்லி ஆறுதல் கூறுவது நம் வழக்கம். துயரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வளர முடியும் என்பதற்கு வேம்பு சாட்சி. மூடாத காயத்தோடும் நெடுங்காலம் நிற்க முடியும் என்பதற்குப் பனை சாட்சி. இழப்பைச் சந்தித்தவர்களுக்கு முதலில் சொன்ன ஆறுதலைவிட இவை நேர்மையானவை.

நிறமும் காலமும் இப்படித்தான். மரத்துக்குப் பச்சை என்று முடிவுசெய்து தூரிகையை நனைக்கிறவரை மாந்தளிர் தடுத்துவிடும். அது செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். அரசந்தளிரும் இளஞ்சிவப்பு. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் தளிர் பச்சையாகக் காலம் தாழ்த்துவதற்குத் தாவரவியலாளர்கள் தரும் ஒரு விளக்கம் உண்டு: இளந்தளிரைத்தான் பூச்சிகள் அதிகம் தின்கின்றன, ஆகவே இலை முற்றிக் கெட்டிப்படும்வரை அதில் பச்சையத்தை முதலீடு செய்யாமல் மரம் பொறுத்திருக்கிறது. பூவரசம்பூவோ காலையில் வெளிர்மஞ்சளாக விரிந்து, வாடும்போது செம்மைக்கு மாறிவிடும். காலையில் தொடங்கிய ஓவியம் மாலையில் பொய்யாகும். ஒரு பூவின் நிறம் என்ன என்ற கேள்விக்கே எந்த வேளையில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கூர்ந்த பார்வைக்கு நம் ஊரிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு, நாம்தான் மறந்துவிட்டோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819இல் சென்னை மாகாணத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்தபோது அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, 2,101 கல்லச்சுப் படங்களோடு வெளிவந்த வைட்டின் பெருநூல் அவர்கள் கையை நம்பி எழுந்தது. அத்தகைய தாவர ஓவியத்தில் ஒரு கிளை, அதன் இலையடுக்கு, மொட்டு, விரிந்த பூ, காய், அறுத்துக் காட்டிய சூலகம் எல்லாம் ஒரே தாளில் வரும். ஒரு மரம் ஓர் ஆண்டு முழுவதும் செய்வதை அந்தத் தாள் ஒரே கணத்தில் காட்டுகிறது. மார்கழியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை அதே மரத்திடம் திரும்பிப் போகாமல் இதை வரைய முடியாது. அவர்களுடைய அசல் ஓவியங்கள் பல இன்று எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. அங்கு ஆய்வாளராக இருந்த ஹென்றி நோல்டி 2007இல் அவற்றைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட பிறகே உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

கம்பெனி தன் வருவாய்க்காகத் தாவரங்களைக் கணக்கெடுத்த வரலாற்றின் ஒரு பகுதிதானே இது, இதைப் பெருமையாகச் சொல்வதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வைட் பின்னாளில் கோயம்புத்தூரில் கம்பெனிக்காக அமெரிக்கப் பருத்தி பயிரிடும் சோதனையை நடத்தியவர்தான். அந்தக் காலத்தில் இந்திய ஓவியர்களில் மிகப் பலர் பெயரில்லாமலே போனார்கள். ரங்கையா, கோவிந்து பெயர்கள் படங்களின் ஓரத்தில் அச்சேறின. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்னாளில் அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட்டு, பெயர் வழக்கொழிந்தது. அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிக் கிடைப்பது மிகச் சொற்பம். ஆனால் இந்த வரலாற்றிலிருந்து நாம் பெற வேண்டிய முடிவு, வரைவதை விட்டுவிடுவது அல்ல. தேவைப்பட்டவன் வரையவைத்தான், வரைந்ததை எடுத்துச் சென்றான். நம் மரங்களை நமக்காக நாம் வரைவதே அதற்குச் சரியான பதில்.

கைபேசியில் கேமரா இருக்கும்போது வரைவானேன் என்பது அடுத்த கேள்வி. இன்று அதிகம் எழக்கூடியதும் இதுதான். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல், அருங்காட்சியகம் ஒன்றில் சில பொருட்களைப் படமெடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். படமெடுத்த பொருட்களையே அவர்கள் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பொருளின் குறிப்பிட்ட பகுதியை நெருங்கி எடுத்தபோது இந்த இழப்பு நேரவில்லை. குற்றம் கருவியில் இல்லை, பார்க்கும் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்துவிடுவதில் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு, சொற்களை எழுதியவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்கள் அதிகம் நினைவில் கொண்டதைக் காட்டியது. படம் நன்றாக வந்ததா என்பது முக்கியமாகவே இல்லை. எனக்கு வரைய வராதே என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா? ஆய்வுகளை விடுங்கள், கேமராவால் முடியாததும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் வெடிப்பலாவை முழு உருவமாகப் படமெடுக்கப் பின்வாங்கி நிற்க இடமே கிடைக்காது; சுற்றிலும் மரங்கள் நெருக்கும். வால்பாறையில் காடுகளை மீட்கும் பணியில் ஈடுபட்டுள்ள திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் இருவரும் அந்த மலைகளின் பெருமரங்களைப் பற்றி 2018இல் கொண்டுவந்த நூலுக்கு ஓவியர்களை நாடினார்கள். நிருபா ராவ், சர்தாஜ் குமன் ஆகியோரின் ஓவியங்களில்தான் அந்த மரங்களை அடிமுதல் முடிவரை காண முடிகிறது. கிளையிலேயே ஒட்டிப் பூக்கும் வெடிப்பலாவின் சதைப்பற்றுள்ள பூக்களைத் தேடிச் சோலைமந்திகள் வருவதுபோன்ற உறவுகளைக் காட்டவும் முழு மரம் தேவைப்படுகிறது.

நாட்டு மரம் என்று ஏன் வரையறுக்க வேண்டும் என்றும் கேட்கலாம். சாம்பாருக்குப் புளி தரும் மரம் மிகப் பழங்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாயிற்றே. உண்மைதான். தூய்மையைப் பற்றிய வாதமாக இதைக் கொண்டால் புளியமரத்தின் முன்னாலேயே தோற்றுப்போவோம். அப்படிப்பட்ட வெறுப்பு மரங்களோடு நிற்பதும் இல்லை. நாட்டு மரத்தை நான் முன்னிறுத்துவது அதற்கு அக்கம்பக்கத்து உயிர்களோடு இருக்கும் நெருங்கிய உறவுகளுக்காக. வில்வத்தை வரைகிறவர் மூவிலையில் நடு இலைக்கு மட்டும் காம்பு நீண்டிருப்பதைக் காண்பார். கூடவே பறவை எச்சம்போலத் தோற்றம் காட்டி அந்த இலையைத் தின்றுகொண்டிருக்கும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழுவையும் காண்பார். கடிபட்ட விளிம்பைத் திருத்தி அழகாக வரையக் கூடாது, அது அந்த மரத்தின் வாழ்க்கை. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரும் அமெரிக்க வெப்பமண்டலத்துத் தூங்குமூஞ்சியும் அழகு குறைந்தவை அல்ல; அவை இங்கே உறவுகளைத் தேடிக்கொள்ள இன்னும் நெடுங்காலம் ஆகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது வெளிநாட்டு மரங்களை எல்லோரும் குற்றம் சொன்னார்கள். வேரைச் சுற்றிக் கான்கிரீட் பூசிய நாமும் அந்தக் குற்றத்தில் பங்காளிகள்.

கடைசியாக வருவது கனமான கேள்வி. சாலைக்காகப் புளியமரங்களும் ஆலமரங்களும் வரிசையாக வெட்டப்படும் காலத்தில் உட்கார்ந்து படம் வரைவது தப்பித்தல் இல்லையா? போராட்டத்துக்கு மாற்றாக வரைவதை யாரும் முன்வைக்கவில்லை. ஆனால் எதைக் காக்கப் போராடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தாவரங்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே காணாமல் விடும் இயல்புக்கு அமெரிக்கக் கல்வியாளர்கள் வாண்டர்சி, ஷுஸ்லர் இருவரும் 1990களின் இறுதியில் தாவரக் குருடு என்று பெயரிட்டார்கள். நெட்டிலிங்கத்தை அசோகமரம் என்று நட்டுவிட்டு, உண்மையான அசோகத்தை ஊரில் ஒருவரும் கண்டதில்லை என்ற நிலை அதன் விளைவுதான். ஆயிரம் கன்று நட்டோம் என்று கணக்குக் காட்டும் விழாக்களில் என்ன கன்று, எந்த மண்ணுக்கு, எந்தப் பறவைக்கு என்று கேட்கிறவர் இல்லாமல் போவதும் அதனால்தான். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு வேண்டாம். ஒவ்வொரு பள்ளியும் தன் வளாகத்திலோ ஊர் ஏரிக்கரையிலோ உள்ள ஒரு நாட்டு மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். ஓவிய வகுப்பு மாதம் ஒரு முறை அங்கே நடக்கட்டும். ஜூனில் தொடங்கி ஏப்ரல் முடிய, தளிரிலிருந்து நெற்றுவரை. படத்தின் ஓரத்தில் அந்த ஊர்க்காரர்கள் அந்த மரத்துக்கு வைத்திருக்கும் பெயரை மாணவர்கள் கேட்டு எழுதட்டும். பெயர் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர் படத்தின் அழகைப் பார்க்க வேண்டாம். இலையின் அடி கோணலா நேரா, காய் எந்த மாதம் வந்தது, இலையைத் தின்றது யார் என்று மட்டும் கேட்கட்டும்.