விழப்போகிற பல்லுக்கு எவர்சில்வர் தொப்பி!

"விழப்போற பல்லுக்குப் போய் யாராவது தொப்பி போடுவாங்களாம்மா?" என்று என் மாமியார் கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை.

நாங்கள் அம்பத்தூர்வாசிகள். கடைக்குட்டிக்கு வயது ஐந்து. இரண்டரை வயது வரை சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியேதான் தூங்குவான். நானும் தூங்கினால் போதும் என்று விட்டுவிட்டேன். பலன், கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை!

முகப்பேரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். பால் கடைவாய்ப்பற்கள் மொத்தம் எட்டு. அவை விழுவதற்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஆகும். "இன்னும் ஐந்தாறு வருஷம் அவன் இந்தப் பல்லால்தானே மெல்லணும்?" என்றார். இன்னொன்றும் சொன்னார். ஆறு வயதில் இதற்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். முன்னால் இருக்கும் பால்பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கிவிட்டால், அது காலி இடத்தில் சாய்ந்துவிடும். அடியில் காத்திருக்கும் பல்லுக்கு இடமில்லாமல் கோணலாக முளைக்கும். பிடுங்கியே தீரவேண்டும் என்றால், இடத்தைக் காக்க ஒரு கம்பி வளையம் போடுவார்களாம்.

பால்பல்லுக்கு எவர்சில்வர் தொப்பி போடுவது 1950லிருந்தே உண்டு. பல்லைச் சுற்றிலும் ராவிவிட்டுப் போடுவது பழைய முறை. ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் டாக்டரம்மா, ராவாமலும் ஊசி போடாமலும், சொத்தையின் மேலேயே சிமெண்ட் வைத்துத் தொப்பியை அழுத்திவிடும் முறையைக் கையாண்டார். 132 குழந்தைகளுக்குச் செய்து பார்த்த ஆராய்ச்சி 2007ல் வெளிவந்த பிறகு இது உலகெங்கும் பரவியது. சொத்தை நரம்பைத் தொடாத பல்லுக்குத்தான் இது ஆகும். ராத்திரி வலியோ வீக்கமோ இருந்தால் வைத்தியமே வேறு.

எங்கள் பையனுக்கு ஹால் முறைதான். முதலில் பல் இடுக்கில் சின்ன ரப்பர் வளையம் வைத்து அனுப்பினார். மூன்றாம் நாள் தொப்பி போட்டார். ஐந்து நிமிஷ வேலை, அழவே இல்லை.

அழுகை சாயங்காலம் வந்தது. "அம்மா, வாய் மூட மாட்டேங்குது!" விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், தொப்பி மட்டும் மேல்பல்லில் இடிக்கிறது, மற்ற பற்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. முன்பல் நடுவில் இடைவெளி! எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மாமியார் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். சிரித்தார். ராவாமல் போடுவதால் பல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். குழந்தைகளின் தாடை வளரும் தாடை. அந்தப் பல்லும் எதிர்ப்பல்லும் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்து, மற்றவை தானாகச் சேர்ந்துகொள்ளும். சில வாரம் பொறுக்கணும் என்றார். பெரியவர்களுக்கு இப்படி உயர்த்தி வைக்க மாட்டார்களாம்.

முதல் இரண்டு நாள் இட்லி, குழைந்த ரசம் சாதம், வாழைப்பழம். ஒரு வாரத்தில் தோசை மென்றான். நாலாவது வாரம் பற்கள் பழையபடி பொருந்திவிட்டன. கமர்கட்டும் ஜவ்வு மிட்டாயும் மட்டும் தடா, தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

ஒரு மாதம் கழிந்தும் கடி சேரவில்லை, தாடையை ஒரு பக்கம் கோணி மெல்லுகிறான், ஈறு வீங்குகிறது, கொப்புளம் தெரிகிறது என்றால் தாமதிக்காமல் காட்டுங்கள். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும் குழந்தையா? அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தொப்பியில் நிக்கல் உண்டு.

செலவுக்கு யோசிப்பவர்களுக்கு, கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பூந்தமல்லிக்காரர்களுக்கு வேலப்பன்சாவடியிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. இரண்டிலும் குழந்தைகள் பிரிவு தனி.

பையன் இப்போது பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து "ரோபோ பல்" காட்டுகிறான். மாமியாரோ ஞாயிறுதோறும் டார்ச் அடித்து, ஆறு வயசுப் பல் எட்டிப் பார்த்ததா என்று தேடுகிறார்.